நல்ல தயிரும் கெட்ட தண்ணீரும்

சில வருஷங்களுக்கு முன் நவராத்திரியின்போது, எங்கள் வீட்டுக் கொலு பார்க்க வந்தவர்களுக்கு நீர்மோர் கொடுத்தோம். தயிர் வீட்டில் தோய்த்தது. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இரண்டு நாரத்தை இலை எல்லாம் தட்டிப் போட்டு, மணக்க மணக்கக் கலந்த மோர். அன்று மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மிலிருந்து இரண்டு குடம் மொண்டு மோரில் ஊற்றியவன் நான்தான்.

மறுநாள் காலையில் அடுத்த வீட்டுக் குழந்தைகள் இருவருக்கும் வயிற்றுப்போக்கு. "மோர் கொஞ்சம் புளிச்சுப் போச்சு போலிருக்கு, அதுக்கென்ன பண்றது" என்று அவர்களுடைய பாட்டி பெருந்தன்மையாகச் சொன்னார். மோர் புளிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பாட்டிக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது 'புரோபயாடிக்' என்ற வார்த்தை நம் சமையலறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. மருந்துக் கடையில் மாத்திரையாகவும் பொடியாகவும், பெரிய கடைகளில் சின்னச் சின்ன பாட்டில்களிலும் வருகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்கள் 'கொம்புச்சா' என்கிறார்கள். இதெல்லாம் நம் வீட்டு மோர்ப்பானையிலும் பழையதுப் பானையிலும் இருந்ததுதானே என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் 'ஆம்' என்று ஒரே வார்த்தையில் முடிகிற பதில் அல்ல.

பேர் வந்த கதை

புளித்த பாலுக்கு விஞ்ஞானத்தில் மரியாதை தேடித் தந்தவர் ரஷ்யப் பேரரசில் பிறந்து பாரிஸில் ஆராய்ச்சி செய்த எலி மெச்னிகாஃப். 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். (பரிசு தயிருக்காக அல்ல, உடம்பின் நோய் எதிர்ப்பு முறையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக.) பல்கேரியக் கிராமத்தார் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் தயிர் காரணமாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். குடலில் உள்ள கெட்ட கிருமிகளைத் தயிரிலுள்ள நல்ல கிருமிகள் அடக்கி வைக்கும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் பாதி பிறகு நிற்கவில்லை. ஆனால் கிருமி என்றாலே பகை என்று உலகம் நினைத்திருந்த நாளில், நட்பான கிருமியும் உண்டு என்று சொன்னாரே, அது நின்றது.

அடுத்து ஜப்பானில் மினோரு ஷிரோட்டா என்ற டாக்டர் 1930-ல் ஒரு வகைப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். 1935-ல் அது 'யாகுல்ட்' என்ற பானமாக விற்பனைக்கு வந்தது. 65 மில்லி பிடிக்கும் அந்தக் குட்டி பாட்டில் இன்று நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது.

2001-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு புரோபயாடிக்குக்கு இலக்கணம் வகுத்தது. உயிரோடு இருக்க வேண்டும்; போதுமான அளவு இருக்க வேண்டும்; உட்கொள்பவருக்கு நன்மை தருவதாக நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர்.

இங்கேதான் நம் மோருக்குச் சிக்கல். வீட்டுத் தயிரில் உயிருள்ள லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் ஏராளம். ஆனால் உங்கள் வீட்டு உறைமோரில் உள்ளது எந்த வகை, எத்தனை கோடி, அது என்ன நன்மை செய்யும் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு உறை வேறு, உங்கள் உறை வேறு. ஆகவே சட்டப்படி நம் மோரைப் 'புளித்த பானம்' என்று சொல்லலாம்; புரோபயாடிக் என்று லேபிள் ஒட்ட முடியாது. இதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 36 பேரைக் கொண்டு 10 வாரம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், தயிர் முதலிய புளித்த உணவுகளை நிறைய எடுத்துக்கொண்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. 36 பேர் என்பது சிறிய கூட்டம்தான். ஆனால் மோர் குடிப்பதற்கு நமக்கு அமெரிக்க அத்தாட்சி தேவையா என்ன?

சட்டைக்குப் புதுக்கஞ்சி, வயிற்றுக்குப் பழங்கஞ்சி

மோரைவிட எளியது நீராகாரம். பால் வேண்டாம், உறை வேண்டாம், காசும் வேண்டாம்.

ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற இடத்தில் உள்ள டோபிகானா நம் வாசகர்கள் அறிந்ததே. டச்சுக்காரர் காலத்தில் ராணுவத்தாரின் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படும் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் தமிழ் பேசிக்கொண்டு தொழில் செய்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976-ல் கிரேட்டர் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. கல்லில் துவைத்து, அரிசிக் கஞ்சியில் முக்கி, கயிற்று முறுக்கில் செருகிக் காய வைக்கும் அந்த வேஷ்டி சேலைகளின் விறைப்பு தனி. துணிக்குப் போடும் கஞ்சி புதிதாக இருக்க வேண்டும், புளித்தால் நாறும். வயிற்றுக்கு ஊற்றும் கஞ்சியோ ஓர் இரவு புளித்தால்தான் குளிர்ச்சி. விடியற்காலையில் தண்ணீரிலும் வெயிலிலும் நின்று உழைக்கிற எந்தத் தொழிலாளிக்கும், வெலிங்டன் தீவுக்கு அருகே வாத்துருத்தியில் குடியிருந்து கட்டட வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கும், இரண்டு சின்ன வெங்காயத்தோடு ஒரு செம்பு நீராகாரம் பசியையும் தாகத்தையும் ஒருசேரத் தணிக்கும்.

ஆனால் பழையது சாப்பிடுகிறோம் என்று வெளியில் சொல்ல நம்மில் பலருக்குக் கூச்சம். மகன் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடப் போகிறான் என்று வாயை அடைக்கிற தாய்மார்கள் உண்டு. அதே சாப்பாடு இன்று கேரளத்து ஓட்டல்களில் 'பழங்கஞ்ஞி' என்று மண்சட்டியில், காந்தாரி மிளகாயும் மீன்கறியும் கப்பையும் சேர்த்து வருகிறது. காரில் வந்து சாப்பிடுகிறார்கள். ஒடிசாவில் இதற்குப் 'பகாளா' என்று பெயர். மார்ச் 20-ஐ அதற்கென்று ஒரு நாளாகவே கொண்டாடுகிறார்கள். 2021-ல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிச் சமையல் போட்டியின் இறுதிச் சுற்றில், வங்காளிக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் 'பாந்தா பாத்' என்ற இந்தப் பழைய சோற்றைத்தான் நடுவர்கள் முன் வைத்தார். சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் குடல் நோய்க்காரர்களுக்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று ஆராய்ச்சியில் இறங்கியிருக்கிறார்கள்.

பெருமை வந்ததும் மிகையும் கூடவே வந்துவிட்டது. சோற்றை 12 மணி நேரம் ஊறவைத்தால் 100 கிராமில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்புச்சத்து 73.91 மில்லிகிராமாக உயர்ந்துவிடும் என்று ஒரு கணக்கு எங்கு பார்த்தாலும் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். பானைக்குள் பாக்டீரியா இரும்பை உற்பத்தி செய்துவிட முடியாது. அரிசியிலுள்ள 'ஃபைட்டேட்' என்ற பொருள் இரும்பைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். புளிக்கும்போது அந்தக் கட்டு தளர்கிறது. இருக்கிற இரும்பை உடம்பு முன்னைவிட நன்றாக எடுத்துக்கொள்கிறது. லாபம் அவ்வளவே. அதுவும் நல்ல லாபம்தான். ரத்தசோகைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழையதை நம்பி உட்கார வேண்டாம்.

செய்யும் விதம்

நீராகாரத்துக்குப் புழுங்கல் அரிசிச் சோறே உத்தமம். கேரளத்து மட்டா அரிசி, அந்தச் சிவப்புப் புழுங்கல், இதற்கென்றே பிறந்தது போல. பச்சரிசிச் சோறு கரைந்து கூழாகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. இளஞ்சூட்டில் சோறு மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே மத்தியானம் வடித்த சோற்றை ராத்திரி பத்து மணி வரை மேஜையில் வைத்திருந்துவிட்டு, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றுவது தவறு. ஊறப்போடுகிற சோற்றை முதலிலேயே தனியாக எடுத்து, அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, பானையில் போட்டு, சோறு முழுகி மேலே நாலு விரல் நிற்கும்படி தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீருக்குள் புளிப்பு ஏறினால் கெட்ட பாக்டீரியா வளர்வது தடைப்படும். ஒரு கரண்டி மோர் சேர்த்தால் புளிப்பு விரைவில் பிடிக்கும்.

கொச்சி உஷ்ணத்தில் எட்டு மணி நேரம் போதும். பங்குனி சித்திரையில் அதுவும் அதிகம். ஆடி மழைக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். மூடி இறுக்க வேண்டாம். தட்டால் மூடினால் போதும். காலையில் இலேசான புளிப்பு வாசனை வந்தால் சரி. நூல் விட்டால், கொழகொழத்தால், வண்ணப் பூசணம் படிந்தால், 'ஐயோ சோறு' என்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள். ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம்.

மோர் விஷயம் நம் பெண்மணிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூடு வரை ஆறவிட்டு, அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறை ஊற்றினால் இந்த ஊரில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். (நம்மில் சிலர் உறை ஊற்றுவது என்போம், சிலர் பிரை குத்துவது என்போம், சிலர் தோய்ப்பது என்போம், பாட்டுக்குப் பாட்டு ராகம் வேறு.) தோய்ந்ததும் குளிர்பெட்டியில் வைத்தால் சீக்கிரம் புளிக்காது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் மோரோ நீராகாரமோ வைக்கக் கூடாது, களிம்பு ஏறும். அலுமினியமும் வேண்டாம். மண், கல்சட்டி, பீங்கான், எவர்சில்வர் நல்லது.

இன்னொன்று. மோரைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள பாக்டீரியா சாகும். மோர்க்குழம்பு, புளிசேரி, காளன், மலையாளத்துக் 'காய்ச்சிய மோர்' எல்லாம் நாவுக்கு விருந்து. உயிருள்ள கிருமிக்காகத்தான் குடிக்கிறேன் என்பவர் பச்சை மோரைத்தான் குடிக்க வேண்டும்.

நம் அக்கம்பக்கத்தாரிடமும் கற்றுக்கொள்ளலாம். குஜராத்தி ரோடு வீடுகளில் சாப்பாட்டோடு 'சாஸ்' இல்லாமல் இராது. வறுத்த சீரகப் பொடி தூவிய மோர்தான். வடக்கே 'காஞ்சி' என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டு நம் கஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்புக் காரட்டை நறுக்கி, கடுகுப் பொடியும் உப்பும் சேர்த்துத் தண்ணீரில் போட்டு, மூன்று நான்கு நாள் வெயிலில் வைத்துப் புளிக்க விடுவார்கள். இங்கே சிவப்புக் காரட்டும் ஒரு பீட்ரூட்டும் போட்டுச் செய்யலாம். இரண்டு நாளிலேயே புளித்துவிடும். துணியால் வேடு கட்டுங்கள். கண்ணாடி பாட்டிலில் ஊற்றி இறுக மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து வாரக்கணக்கில் வைத்தால் அது மது. கேரளத்தில் அனுமதியில்லாமல் மது தயாரிப்பது, வீட்டுக்கென்றாலும், அப்காரிச் சட்டப்படி குற்றம் என்று எக்சைஸ் இலாகா கிறிஸ்துமஸ் சமயத்தில் எச்சரித்திருக்கிறது.

மோரில் முக்கால் பங்கு

இனி என் டிரம் தண்ணீருக்கு வருகிறேன். ஒரு டம்ளர் தயிருக்கு மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றினால்தான் நீர்மோர். ஆக, மோரில் முக்கால் பங்கு தண்ணீர். நீராகாரம் என்பதோ பேரிலேயே நீர். இந்தத் தண்ணீர் மட்டாஞ்சேரிக்கு எங்கிருந்து வருகிறது?

ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் காயல். நடுவே உள்ள இந்த நிலத்தில் கிணறு வெட்டினால் உப்புக் கரிக்கும். ஒரு காலத்தில் ஆலுவாப் பக்கத்துப் பெரியாற்றுத் தண்ணீர் படகில் வந்து விலைக்கு விற்ற ஊர் இது. இப்போது ஆற்றுத் தண்ணீர் வெகுதூரம் குழாயில் ஓடி வருகிறது. 2023 தொடக்கத்தில் பிறவம் அருகே பாழூர் பம்ப் ஹவுஸில் மோட்டார்கள் பழுதானபோது மேற்குக் கொச்சி மக்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது யாருக்கும் மறந்திராது. குழாய் வறண்டிருக்கும்போது அதற்குள் காற்றழுத்தம் குறையும். விரிசல் உள்ள இடத்தில் சாக்கடைத் தண்ணீர் உள்ளே கசியலாம். லாரித் தண்ணீரும், மூடாத தொட்டியும், கழுவாத டிரம்மும் அபாயத்தைக் கூட்டும்.

'புளிப்பு இருந்தால் கிருமி அண்டாது' என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. காலராக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது. டைஃபாய்டுக் கிருமி சில காலம் தாக்குப்பிடிக்கும். மஞ்சள்காமாலை உண்டாக்கும் 'ஹெபடைடிஸ் ஏ' வைரஸோ புளிப்பைச் சட்டை செய்வதே இல்லை; வயிற்றிலுள்ள அமிலத்தையே தாண்டிப் போகிற ஆசாமி அது. 2024-ல் நமது எர்ணாகுளம் மாவட்டத்திலேயே, பெரும்பாவூரை அடுத்த வேங்ஙூர் பகுதியில், விநியோகிக்கப்பட்ட தண்ணீர் மூலம் மஞ்சள்காமாலை பரவி 200-க்கும் மேற்பட்டவர்கள் படுத்தார்கள், உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அந்தத் தண்ணீரில் எத்தனை நல்ல தயிரைக் கரைத்தாலும் பயனில்லை.

பரிகாரம் சுலபம். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஒரு நிமிஷம் வைத்து, மூடியபடியே ஆறவிட வேண்டும். 'சூடு வந்துவிட்டது' என்று இறக்குவது போதாது. கொதித்த தண்ணீரில் குளோரின் போய்விடுவதால் நீராகாரமும் நன்றாகப் புளிக்கும். இது உபரி லாபம். மோரில் போடும் கறிவேப்பிலை, கொத்தமல்லி, இஞ்சி எல்லாவற்றையும் அதே தண்ணீரில் அலச வேண்டும். மொள்ளும்போது கை படாமல் நீண்ட கரண்டி போட வேண்டும்.

ஐஸ் கட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊர் இது. மீனுக்குப் போடுகிற பாளம் பாளமான ஐஸ் குடிநீரில் செய்ததல்ல. அதை உடைத்துப் போட்ட மோரோ சர்பத்தோ எவ்வளவு ஜில்லென்று இருந்தாலும் வேண்டாம். 2023 மார்ச்சில் வெயில் கொளுத்தியபோது கேரள சர்க்கார் ஊரெங்கும் தண்ணீர்ப் பந்தல் போட ஏற்பாடு செய்து, சம்பாரமும் கொடுக்கச் சொன்னது. நம் கோயில்களிலும் சங்கங்களிலும் பங்குனி, சித்திரையில் மோர்ப்பந்தல் போடுகிறவர்கள் தயிருக்கு நன்கொடை கேட்பது போலக் காய்ச்சின தண்ணீருக்கும் ஒருவரைப் பொறுப்பாக வைத்தால் நல்லது. பந்தலில் மோர் குடிக்கிறவன் பெரும்பாலும் சுமை தூக்குகிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன். மூன்று நாள் படுத்தால் மூன்று நாள் கூலி போயிற்று. காமாலை என்றால் ஒரு மாதம்.

யாருக்கு ஆகாது

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புப் போட்ட மோரும் உப்புக் கஞ்சியும் கொடுப்பது சரியான கை வைத்தியமே. உலக சுகாதார நிறுவனமும் இவற்றை வீட்டுப் பானங்களாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் முக்கிய மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் தவிர, மோர், கஞ்சி எதுவும் கூடாது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் வீட்டில் புளிக்க வைத்த பானங்களை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நல்ல கிருமியும் அவர்களுக்கு விருந்தாளி அல்ல. கொம்புச்சாவில் சிறிதளவு சாராயச்சத்து உண்டாவதால் கர்ப்பிணிகள் ஒதுக்குவது நலம்.

ரத்த அழுத்தக்காரர்கள் உப்பைக் கவனிக்க வேண்டும். நாளெல்லாம் சேர்த்து ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதாவது சுமார் ஒரு டீஸ்பூன், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு லிட்டர் மோரில் ஒரு டீஸ்பூன் போட்டு ஒருவரே குடித்தால் அன்றைய கோட்டா மோரிலேயே தீர்ந்தது. பிறகு அப்பளம், ஊறுகாய் எல்லாம் கடன். நீரிழிவுக்காரர்கள், ஊறிய சோறும் சோறுதான் என்பதை மறக்க வேண்டாம்.

போன நவராத்திரிக்கும் நீர்மோர்தான் கொடுத்தோம். முதல்நாள் ராத்திரியே பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி, மேலே கல்லைத் தூக்கி வைத்தேன். 'ஒரு மோருக்கு இவ்வளவு காஸா?' என்று வீட்டில் கேட்டார்கள். அடுத்த வீட்டுப் பாட்டி பேரக் குழந்தைகளோடு வந்தார். குழந்தைகள் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தன. பாட்டி தம் டம்ளரை ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி காய்ச்சினதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"உப்புத்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.